தீபாவளிக்கு அடித்த பெயின்டைப் பொங்கலுக்குள் உரிய வைப்பது எப்படி?

கூரைத் தகரத்துக்கு ஒருமுறை ஒழுங்காகப் பெயின்ட் அடித்தால் அது பல வருடம் அசையாமல் நின்றுவிடும் அபாயம் இருக்கிறது. நின்றுவிட்டால் ஹார்ட்வெயார் முதலாளி என்ன செய்வார்? பெயின்ட் பாஸ் யார் வீட்டு ஏணியில் ஏறுவார்? அடுத்த தீபாவளிக்கு வீட்டில் சண்டை போடத்தான் என்ன மிஞ்சும்? ஊவா மாகாணத்துப் பசறைப் பட்டணத்திலிருந்து கோணக்கலை, எல்டெப், மீதும்பிட்டிய, நமுனுகுல என்று எந்தப் பக்கத்து பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாலும், இந்த அபாயத்தை நம் ஆட்கள் பெருமளவு வென்றுவிட்டது தெரியும். பச்சை அடித்த கூரையில் செம்பழுப்புத் திட்டு, நீலம் அடித்த கூரையில் பொருக்கு. ஆனாலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கூரைகள் இன்னும் பளபளவென்று கிடக்கின்றன. அந்த வீட்டுக்காரர்களைத் திருத்தவே இந்தக் கையேடு.

முதலில் நாள் பார்க்க வேண்டும். பஞ்சாங்கம் தேவையில்லை. தீபாவளி முற்பணம் எப்போது கைக்கு வருகிறதோ அதுவே சுபநேரம். 2022-இல் தீபாவளி ஒக்டோபர் 24, 2023-இல் நவம்பர் 12, 2024-இல் ஒக்டோபர் 31, 2025-இல் ஒக்டோபர் 20. எந்த வருடத்தை எடுத்தாலும் ஊவா மலைகளில் மழை இறங்கும் காலத்துக்குள்தான் அது வந்து விழுகிறது. ஒக்டோபரில் காலை வெயிலும் பிற்பகல் இடிமழையும். அதன் பிறகு ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. 2036 மீற்றர் உயர நமுனுகுல மலை உச்சி நாட்கணக்கில் மூடுபனிக்குள் காணாமல் போவதும் இந்தக் காலத்தில்தான். இந்த மழையோடு விளையாட முடியாது என்பதும் எங்களுக்குத் தெரியும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் தோட்ட லயங்கள் மண்ணுக்குள் போனது 2014 ஒக்டோபர் 29, அந்த வருடத் தீபாவளி முடிந்து ஒரே வாரத்தில். தெரிந்தும் நாம் பிரஷ்ஷோடு கூரை ஏறுவது அந்த வாரங்களில்தான், ஏனென்றால் காசு வருவது அந்த வாரங்களில்தான்.

தவிர்க்க வேண்டிய காலம் ஒன்று உண்டு: ஜூலை, ஆகஸ்ட். தென்மேல் பருவக்காற்று தன் மழையையெல்லாம் மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு, வறண்ட காற்றாக ஊவாவுக்குள் இறங்கும். கொழுந்தை வாட்டி, உலகச் சந்தையில் ஊவாத் தேயிலைக்கென்று தனி மணத்தை வாங்கிக் கொடுப்பது இந்தக் காற்று. இதே பருவக்காற்றை நம்பி, ஆயிரம் வருடத்துக்கு முன் சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவுகளில் துருத்தியே இல்லாமல் இரும்பு உருக்கியிருக்கிறார்கள். கில்லியன் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் அந்த உலைகளைத் தோண்டியெடுத்து 1996-இல் எழுதினார். இரும்பையே உருக்கிய காற்று ஒரு பெயின்டைக் காய வைக்காதா? வைக்கும். அதனால்தான் அந்தப் பக்கமே போகக்கூடாது. நல்ல வேளையாக, அந்த மாதங்களில் நம் கையில் காசு இருப்பதில்லை.

நாள் சரி, இனி நேரம். விடியற்காலை ஆறரை மிக நல்லது. இரவில் தகரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு வெப்பத்தை விட்டுக்கொண்டே கிடக்கிறது. பக்கத்துக் காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அப்படிக் குளிர்ந்த தகரத்தில் காற்றிலுள்ள ஈரம் தானாக வந்து படியும். பனிபடுநிலை என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதுதான். காற்று 20 பாகை செல்சியஸ், சாரீரப்பதன் 95 வீதம் என்றால் பனிபடுநிலை 19 பாகைக்குச் சற்று மேலே நிற்கும். விடியற்காலையில் தகரம் பெரும்பாலும் அதைவிடக் குளிர்ந்துதான் இருக்கும். கண்ணுக்கு ஈரம் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. விரல் வைத்தால் தெரியாத மெல்லிய நீர்ப்படலமே போதும். உலோகப் பூச்சு வேலைகளில் உலகம் முழுக்க ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: தகரத்தின் சூடு பனிபடுநிலையைவிடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும், சாரீரப்பதன் 85 வீதத்தைத் தாண்டக்கூடாது. இந்த விதியைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பாஸ் பார்த்துக்கொள்வார்.

"பாஸ், தகரம் நனைஞ்சிருக்கே?"

"அடிச்சாத்தாங்க காயும்."

இந்தப் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். பாதி வேலை முடிந்தது.

அடுத்தது உப்பு. இங்கே ஊவாக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு. ஒன்பது மாகாணங்களில் கடற்கரை இல்லாதவற்றில் நம்முடையதும் ஒன்று. கடலுக்கு மேலே நிற்கும் பாம்பன் பாலத்தில் ஒட்டுவதைப் போல உப்புக் காற்று இங்கே சும்மா வந்து ஒட்டாது. உப்பை நாமேதான் கூரைக்குக் கொண்டு போக வேண்டும். வழிகள் இருக்கின்றன. தகரத்தைத் துடைக்க, சல்பேட் ஒஃப் அமோனியா வந்த பழைய உரச் சாக்கைப் பயன்படுத்துங்கள். சவர்க்காரத் தூளால் தேய்த்தால் கழுவாமல் விடுங்கள். வியர்த்த உள்ளங்கையைத் தகரத்தில் ஊன்றி ஊன்றி நகருங்கள். ஒவ்வொரு கையடியிலும் உப்பு படியும். விறகடுப்புப் புகையோடு போய்ச் சாம்பல் படிந்த சமையலறைக்கு மேலான தகரங்களில் உங்களுக்கு வேலையே இல்லை, அங்கே உப்பு ஏற்கெனவே தயார்.

ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்கலாம். ஓ.எல். விஞ்ஞானத்தில் உருளைக்கிழங்கை வெட்டி உப்புத் தண்ணீரில் போட்டுப் பிரசாரணம் படித்தோமே, அதே சங்கதிதான் கூரையிலும் நடக்கிறது. பெயின்ட் படலத்தின் வழியாகத் தண்ணீர் சுலபமாகப் போகும். உப்பு சுலபமாகப் போகாது. படலத்துக்கு அடியில் ஒரு துளி உப்பு மாட்டிக்கொண்டால், அதைக் கரைத்து நீர்க்க வைக்க வெளியே நிற்கும் மழைநீர் உள்ளே வந்துகொண்டே இருக்கும். மழைநீர் எவ்வளவு சுத்தமோ அவ்வளவு வேகம். மழை ஓயும்வரை வந்த நீர் திரும்பிப் போகாது, அடியிலே தேங்கி படலத்தை மேலே தள்ளும். அதுதான் கொப்புளம். நவம்பர் மழைக்குப் பிறகு ஒரு கொப்புளத்தை ஊசியால் குத்திப் பாருங்கள், உள்ளிருந்து தண்ணீர் வரும். நாலு நாள் வெயில் அடித்தால் கொப்புளம் அமுங்கும். பாஸ் கீழே நின்று பார்த்து "சரியாயிருச்சுங்க" என்பார். ஆகவில்லை. உப்பு அங்கேயேதான் இருக்கிறது, அடுத்த மழையைக் காத்துக்கொண்டு.

புதுத் தகரம் வாங்கியவர்கள் மனம் தளரத் தேவையில்லை. அவர்களுக்கு இதைவிடச் சுருக்கமான வழி இருக்கிறது.

"முதலாளி, புதுத் தகரத்துக்கு என்னா அடிக்கிறது?"

"எனமல் இருக்கே, ஒரு டின்ன எடுத்துக்கிட்டுப் போ."

எடுத்துக்கொண்டு போங்கள். அலை அலையாக வளைத்த இரும்புத் தகடு 1829-இல் லண்டனில் ஹென்றி பாமர் கண்டது. அதற்குத் துத்தநாகக் கவசம் போடும் முறைக்கு 1837-இல் பிரான்சில் ஸ்தனிஸ்லாஸ் சொரெல் காப்புரிமை வாங்கினார். இரண்டும் சேர்ந்துதான் நம் லயக் கூரையும் தேயிலைத் தொழிற்சாலைச் சுவரும். துத்தநாகம் தன்னை அரித்துக்கொண்டு இரும்பைக் காப்பாற்றும் நல்ல மனசுக்காரன். ஆனால் ஈரத்தில் அதன் மேல் உண்டாகும் சேர்மங்கள் காரத்தன்மை கொண்டவை. சாதாரண எண்ணெய் எனமலின் உடம்பு முழுக்க எண்ணெய்க் கொழுப்பின் சேர்க்கை. காரமும் கொழுப்பும் ஈரமும் கூடினால் என்ன ஆகும்? சவர்க்காரம். பெயின்டுக்கும் தகரத்துக்கும் நடுவே மெல்லிய ஒரு சவர்க்காரப் படலத்தை உட்கார வைத்துவிட்டு, "கம்பனி பெயின்ட், இப்படி உரியுதே" என்று நாம் டின்னைத் திட்டலாம். துத்தநாகத் தகரத்துக்கென்றே தனி அடிப்பூச்சு விற்கிறார்கள். கேட்டால் எடுத்துத் தருவார்கள். கேட்காதீர்கள்.

பழைய தகரத்தில் துரு இருந்தால் சுரண்டக்கூடாது. கம்பி பிரஷ் எடுத்துத் தேய்ப்பவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார் சிரிப்பார்கள். துருவின் மேலேயே ரெட் ஒக்சைட் அடித்தால் இரண்டும் ஒரே நிறம், வித்தியாசம் தெரியாது. துரு என்பது பொடிப்பொடியான, ஈரத்தைப் பிடித்து வைக்கும் பொருள். அதன் குழிகளுக்குள் கரையும் உப்புகளும் ஒளிந்திருக்கும். அதை அப்படியே மூடிவிட்டால் அடியில் வேலை நிற்காமல் நடக்கும். (இந்த ஒரு இடத்தில் மட்டும் விளையாட்டை விட்டுச் சொல்கிறேன்: பழைய பெயின்டைக் காய்ந்த தூளாகச் சுரண்டாதீர்கள், பிள்ளைகள் இருக்கும் இஸ்தோப்பில் நிச்சயமாக வேண்டாம். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருந்திருக்கக்கூடும். நனைத்துத் தேய்த்து, தூளைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள்.)

இனிக் கலவை. ஒரு டின் பெயின்டில் எத்தனை தகரம் அடிக்கலாம் என்று டின்னில் எழுதியிருப்பதை நம்பினால் நீங்கள் ஏமாளி. மண்ணெண்ணெய் எதற்கு இருக்கிறது? தாராளமாக ஊற்றுங்கள். இரண்டு லீற்றர் மூன்று லீற்றராகிவிடும், ஒரே கையில் முழுக் கூரையும் முடிந்துவிடும். பெயின்ட் படலத்துக்குள் நீர் பரவும் விதத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. 1855-இல் அடோல்ஃப் ஃபிக் எழுதிய பரவல் விதிகளிலிருந்து வருவது. படலத்தின் தடிப்பு பாதியானால் நீர் மறுபக்கம் போய்ச் சேரும் நேரம் பாதியாகாது, காற்பங்காகிவிடும். மூன்றில் ஒன்றானால் ஒன்பதில் ஒன்று. கஞ்சத்தனத்துக்கு இவ்வளவு தாராளமாக வட்டி கொடுக்கும் விதி விஞ்ஞானத்தில் வேறு இருக்கிறதா தெரியவில்லை.

ஆனால் கெட்டியாக அடித்தவர்களும் நிம்மதியாகத் தூங்கத் தேவையில்லை. இந்த விஷயத்தில் நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு தப்பான எண்ணம் உண்டு: பெயின்ட் தகரத்துக்குக் குடை பிடிக்கிறது, தண்ணீர் உள்ளே போகாது என்று. கேம்பிரிட்ஜில் மேன் என்ற விஞ்ஞானி 1940-களின் இறுதியிலும் 1950-களிலும் உட்கார்ந்து இதைக் கணக்குப் பார்த்தார். வெறும் இரும்பு துருப்பிடிக்க எவ்வளவு தண்ணீரும் ஒட்சிசனும் வேண்டுமோ, அந்த அளவு இரண்டும் சாதாரண பெயின்ட் படலத்தின் வழியே தாராளமாகப் போய்விடுகிறது என்று கண்டார். சின்ன மழைக்கே, சில மணித்தியாலத்துக்குள், படலம் தன்னால் முடிந்த ஈரத்தைக் குடித்துவிடுகிறது. அப்படியானால் பெயின்ட் அடித்த இரும்பு எப்படிப் பிழைக்கிறது? துருப்பிடிப்பது ஒரு மின்வேலை. தகரத்தின் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு அயன்கள் ஓட வேண்டும். நல்ல படலம் அயன்களை ஓட விடாது. இன்னொன்று, ஈரமாக இருக்கும்போதும் அது தகரத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். மேலே சொன்ன அறிவுரைகள் எல்லாமே இந்த இரண்டையும் கெடுக்கத்தான். உப்பு அயன்களைக் கொண்டு வந்து போடுகிறது, அடியில் சிக்கிய ஈரமும் சவர்க்காரமும் பிடியைத் தளர்த்துகின்றன.

ஈரம் எவ்வளவு குடித்தது என்று கண்டுபிடிக்கவும் வழி இருக்கிறது. அதை இந்தக் கையேட்டின் எதிரிகள் கண்டுபிடித்தார்கள். பெயின்ட் அடித்த தகரத்தை உப்பு நீருக்குள் வைத்து மின்சாரம் கொடுத்தால் அந்தப் படலம் ஒரு கொள்ளளவியாக வேலை செய்யும். காய்ந்த பெயின்டின் மின்னுழைய மாறிலி ஐந்தையொட்டி இருக்கும். தண்ணீருக்கோ சுமார் 80. படலத்துக்குள் கொஞ்சம் நீர் புகுந்தாலும் கொள்ளளவம் சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்திலிருந்து நீரின் வீதத்தைக் கணக்கிடும் சூத்திரத்தை பிரஷரும் கிங்ஸ்பரியும் 1954-இல் வெளியிட்டார்கள். இன்றைக்கும் ஆய்வுகூடங்களில் அதுதான் ஓடுகிறது. இந்தியாவில் இந்த வேலைக்குப் பேர்போன இடம் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுக்க, 1948-இல் அடிக்கல் வைத்து 1953-இல் திறந்தது. அவர்கள் உலோகத் தகடுகளைக் கடற்கரை வெயிலிலும் உப்பிலும் தொங்கவிட்டுப் பார்க்கும் இடங்களில் ஒன்று மண்டபம். நம் பாட்டன் பூட்டன்மார் பலரைக் கப்பலேற்றுமுன் நோய்த்தடுப்பு என்று சொல்லி முகாமில் அடைத்து வைத்த அதே மண்டபம். அவர்கள் வந்து சேர்ந்த லயத்தின் தகரத்தை யார் எந்தக் கடற்கரையில் தொங்கவிட்டுச் சோதித்தார்கள் என்று கேட்டுவிடாதீர்கள்.

இனி மிச்சமிருக்கும் சில்லறை வேலைகள். விளிம்பு, ஆணித்துளை, ஒரு தகரத்தின் மேல் மறு தகரம் ஏறும் ஒட்டு, இந்த மூன்றையும் தொடாதீர்கள். பெயின்ட் கூர்மையான விளிம்பிலிருந்து தானாகவே விலகி மெலிந்துவிடும். ஒட்டுக்குள் புகுந்த நீர் வெயிலில் காயாமல் கிடக்கும், ஆணியைச் சுற்றிய கீறலில் வெறும் இரும்பு தெரியும். துரு பிறப்பது பெரும்பாலும் இங்கேதான். பரந்த நடுத்தகரத்தில் அல்ல. நாம் பெயின்ட் அடிப்பது நடுத்தகரத்தில், ஏனென்றால் ரோட்டிலிருந்து தெரிவது அதுதான்.

லயத்துக்காரர்களுக்கு இதில் தனிச் சலுகை உண்டு. பத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கு ஒரே கூரை. நடுவிலுள்ளவர் தன் சுவரிலிருந்து பக்கத்துச் சுவர் வரை அளந்து, தன் பங்குக்கு மட்டும் அடிப்பார். எல்லையில் பாதித் தகரம் பச்சை, பாதித் தகரம் துரு. அந்தத் தகரம் யாருடையது என்பது பற்றிச் சங்கத் தலைவரிடம் முறைப்பாடு போகும். அது தீர்ப்பாவதற்குள் பச்சையும் துருவும் ஒன்றாகிவிடுவதால் வழக்கு தானாகத் தள்ளுபடியாகும். கூரை தோட்டத்துக்குச் சொந்தம், பெயின்ட் நமக்குச் சொந்தம், துரு இரண்டு பேருக்கும் பொது.

உள்பக்கத்தை மறந்துவிட்டேனே என்று யாரும் நினைக்க வேண்டாம். அதை மறப்பதுதான் முறை. ராத்திரி அடுப்பில் சோறு கொதிக்கிறது, மேலே தகரம் குளிர்ந்து கிடக்கிறது, நீராவி நேரே போய் அதன் அடிவயிற்றில் துளித்துளியாகத் தொங்குகிறது. மேலே எவ்வளவு நல்ல பெயின்ட் இருந்தாலும் தகரம் கீழிருந்து மேலாகத் தின்னப்படும். ஒரு நாள் காலையில் அண்ணாந்து பார்த்தால் சின்னச் சின்ன வெளிச்சப் புள்ளிகள் தெரியும். பிள்ளைகள் நட்சத்திரம் என்பார்கள். கீழே பேசின் வையுங்கள்.

எல்லாம் முறைப்படி செய்திருந்தால் பொங்கலுக்குப் பானை ஏற்றும்போது கூரையில் பொருக்குகள் உதிர ஆரம்பித்திருக்கும். பெயின்ட் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம், சம்பளச் சீட்டைப் பாருங்கள். தீபாவளி முற்பணத்துக்கான கழிவு இன்னும் போய்க்கொண்டிருக்கிறது. நம் வீட்டில் அடித்த பெயின்டைவிட அதற்கு வாங்கிய கடனுக்கு ஆயுள் அதிகம்.

கடைசியாக, இந்தக் கையேட்டை மதிக்காத ஒரு அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். பத்துப் பேர் சேர்ந்து பிடிக்கும் சீட்டில் தன் முறையை ஜூலைக்கு எழுதி வாங்கிக்கொண்டார். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தகரத்தை வெறும் பீலித் தண்ணீரால் அடித்துக் கழுவி, அன்று முழுக்கக் காய விட்டு, அடுத்த ஞாயிறு துரு இருந்த இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துத்தநாகத்துக்குரிய அடிப்பூச்சைக் கேட்டு வாங்கி, பத்து மணிக்கு மேல் ஆளை ஏற்றி அடிக்க வைத்தார். விளிம்புக்கும் ஆணிக்கும் சின்ன பிரஷ்ஷால் தனியாக ஒரு கை. மேலே இரண்டு கை, மண்ணெண்ணெய் இல்லாமல். "தீபாவளிக்கு வேற செலவு இருக்கு, தம்பி" என்றார் என்னிடம். அவர் கூரை இன்னும் அப்படியே இருக்கிறது. பாஸ் அவர் வீட்டுப் பக்கமே போவதில்லை.

எல்லோருக்கும் ஜூலைச் சீட்டு விழாது. ஆகவே தோட்டக் கம்பனிகளுக்கும் சங்கங்களுக்கும், கூரைத் தகரம் பங்கிட வரும் அமைச்சுக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: தீபாவளிக் காசைத் தீபாவளிக்கே கொடுங்கள், அது துணிக்கும் பலகாரத்துக்கும் சரியாக இருக்கும். கூரைக் காசை மட்டும் பிரித்து ஜூன் மாதச் சம்பளத்தோடு கொடுத்துவிடுங்கள். மிச்சத்தை ஊவாக் காற்று பார்த்துக்கொள்ளும்.